கொலை நிரூபணமாகுது, சாதி மட்டும் ஏன் நழுவுது? வன்கொடுமை வழக்குகள் கோர்ட்டில் எங்கே உடைகின்றன?

2025 ஏப்ரல் 28-ம் தேதி, கண்ணகி - முருகேசன் கொலை வழக்கில் குற்றவாளிகளின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இருவரும் கொல்லப்பட்டது 2003 ஜூலை 8. ஊரே பார்க்க நடந்த ஒரு கொலையில் கடைசி தீர்ப்பு வர கிட்டத்தட்ட 22 வருஷம் ஆகியிருக்கிறது.

நெய்வேலியை அடுத்த விருத்தாசலம் பகுதியில் இருக்கும் குப்பநத்தம் புதுக்கூரைப்பேட்டைதான் இவர்களுடைய ஊர். சாதிவெறிக் கொலைகளைப் பற்றிப் பேசும்போது எப்போதும் நினைவுகூரப்படும் வழக்கு இது. ஆனால் சட்டரீதியாக இதில் இன்னொரு முக்கியமான பாடமும் இருக்கிறது. வன்கொடுமைக் குற்றச்சாட்டு ஜெயிக்குமா, தோற்குமா என்பது பெரும்பாலும் கோர்ட்டில் முடிவாவதில்லை. முதல் சில நாட்களில், போலீஸ் ஸ்டேஷனில் எழுதப்படும் காகிதத்திலேயே அதில் பாதி முடிவாகிவிடுகிறது.

எப்படி? வரிசையாகப் பார்க்கலாம்.

2003-ல் என்ன நடந்தது?

முருகேசன், தலித் குடும்பத்தைச் சேர்ந்த கெமிக்கல் இன்ஜினீயரிங் பட்டதாரி. கண்ணகி, வன்னியர் குடும்பத்தைச் சேர்ந்த வணிகவியல் பட்டதாரி. 2003 மே 5-ம் தேதி இருவரும் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். வீட்டுக்குத் தெரியாமல் தனித்தனியாகவே இருந்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் கண்ணகியின் குடும்பத்தார் முருகேசனைப் பிடித்துவந்து, கண்ணகி எங்கே என்று கேட்டு சித்திரவதை செய்தார்கள். கண்ணகியும் அழைத்து வரப்பட்டார். இருவருக்கும் விஷம் கொடுத்துக் கொன்று, உடல்களை எரித்துவிட்டார்கள். முருகேசனின் உறவினர்கள் கண்ணெதிரிலேயே இது நடந்தது.

முதல் எஃப்ஐஆர் என்ன சொன்னது?

கதை திசைமாறியது இங்கேதான். முருகேசனின் தந்தை விருத்தாசலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொன்னார். புகாரை எடுத்துக்கொள்ளவில்லை. செய்தி வெளியில் பரவிய பிறகு, ஜூலை 17-ம் தேதிதான் எஃப்ஐஆர் போடப்பட்டது. கொலை நடந்து 9 நாள் கழித்து!

அந்த எஃப்ஐஆரில் இருந்த கதை வேறு. பெண் வீட்டார் பெண்ணைக் கொன்றார்கள், பையன் வீட்டார் பையனைக் கொன்றார்கள் என்கிற மாதிரி எழுதப்பட்டது. வன்னியர் தரப்பில் 4 பேர், தலித் தரப்பில் 4 பேர் என்று 'சமமாக'க் குற்றம்சாட்டப்பட்டார்கள். மகனைப் பறிகொடுத்த குடும்பமே கொலைகாரத் தரப்பாகிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு குடும்பமும் தத்தம் பிள்ளையைக் கொன்றது என்று எழுதிவிட்டால், 'ஆதிக்க சாதியினர் தலித் இளைஞரைக் கொன்றனர்' என்கிற குற்றமே காணாமல் போய்விடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு வேலையே இருக்காது. சாதி அங்கே கோர்ட் வாதத்தில் தோற்கவில்லை, காகிதத்திலிருந்தே அழிக்கப்பட்டது.

வழக்கறிஞர் பொ.இரத்தினம் உள்ளிட்டோர் எடுத்த முயற்சியால், 2004-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ-க்கு மாற்றியது. அதன் பிறகும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புக்கு 2021 செப்டம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் சகோதரருக்குத் தூக்கு, தந்தை உட்பட 12 பேருக்கு ஆயுள். அந்த 12 பேரில் இருவர் விருத்தாசலம் ஸ்டேஷனில் அப்போது பணியாற்றிய இன்ஸ்பெக்டரும் சப்-இன்ஸ்பெக்டரும்.

2022 ஜூனில் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, இருவரை விடுவித்தது, இன்ஸ்பெக்டரின் தண்டனையை 2 ஆண்டுகளாக்கியது. சப்-இன்ஸ்பெக்டரின் ஆயுள் தண்டனை நீடித்தது. நீதிபதிகள் சுதான்ஷு துலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு இதை அப்படியே உறுதிசெய்தது. முருகேசனின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

ஒரு போலீஸ்காரருக்கு ஏன் ஆயுள் தண்டனை? பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் மரண தண்டனைக்குரிய குற்றத்தில் சிக்கட்டும் என்று பொய் ஆதாரம் உருவாக்கினால், அதற்கு ஆயுள் தண்டனை என்கிறது வன்கொடுமைச் சட்டத்தின் 3(2) பிரிவு. பொய்யாக எழுதப்பட்ட எஃப்ஐஆரையே ஒரு வன்கொடுமையாகப் பார்க்க இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கோர்ட்டில் எதையெல்லாம் நிரூபிக்கணும்?

சாதாரணக் கொலை வழக்கில் யார், யாரை, எப்படிக் கொன்றார் என்று காட்டினால் போதும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) சேரும்போது அதற்கு மேல் மூன்று கேள்விகள் வரும்.

ஒன்று, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரா? 'ஊருக்கே தெரியும்' என்பது கோர்ட்டில் எடுபடாது. சாதிச் சான்றிதழும், அதைக் கொடுத்த தாசில்தாரின் சாட்சியமும் வேண்டும்.

இரண்டு, குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவரா? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எதிராளியின் சாதிக்கும் ஆவணம் இருந்தால்தான் கேஸ் நிற்கும்.

மூன்று, அந்தக் குற்றத்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு? பெரும்பாலான வழக்குகள் தடுக்கி விழுவது இந்தக் கேள்வியில்தான்.

இவற்றோடு ஒரு நடைமுறை விதியும் உண்டு. 1995-ம் ஆண்டு விதிகளின்படி டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இன்ஸ்பெக்டரே விசாரித்து முடித்துவிட்டார் என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

'சாதி காரணமாக': ஒரே ஒரு சொல் படுத்திய பாடு

கடுமையான குற்றங்களுக்கான பழைய பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. 10 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றம், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்பதன் 'காரணமாக' நடந்திருக்க வேண்டும். குற்றவாளியின் மனதுக்குள் இருந்த காரணத்தை யார் நிரூபிப்பது?

மகாராஷ்டிராவின் கயர்லாஞ்சியில் 2006-ல் ஒரே தலித் குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் கொல்லப்பட்டார்கள். 2008-ல் விசாரணை நீதிமன்றம் 8 பேரைக் கொலைக் குற்றவாளிகள் என்றது. ஆனால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்றது. 2010-ல் உயர் நீதிமன்றமும் இது பழிவாங்கும் கொலை என்றே பார்த்தது. அதாவது கொலை நிரூபணமானது, சாதி நிரூபணமாகவில்லை.

ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு இன்னொன்று. 2021 ஏப்ரலில் இதை விசாரித்த உச்ச நீதிமன்றம், குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் சாதி காரணமாகத்தான் நடந்தது என்பதற்குத் தனி ஆதாரம் இல்லை என்று வன்கொடுமைப் பிரிவை மட்டும் ரத்து செய்தது. பெண், மாற்றுத்திறனாளி, தலித் என்று ஒருவர் மீது பல ஒடுக்குமுறைகள் ஒன்றாகச் சேரும்போது, 'இது மட்டும்தான் காரணம்' என்று பிரித்துக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2016 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அந்தத் திருத்தம், 'காரணமாக' என்பதை எடுத்துவிட்டு 'தெரிந்தே' என்று மாற்றியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி என்று தெரிந்தே செய்திருந்தால் போதும். சாதிவெறிதான் நோக்கம் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் இது அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த குற்றங்களுக்குத்தான். அதற்கு முந்தைய கேஸ் எல்லாம் இன்றும் பழைய சட்டத்தின் அளவுகோலில்தான் அளக்கப்படும்.

கிராமத்தில் தெரியும், டவுன்ஷிப்பில்?

சரி, 'தெரிந்தே' என்பதை எப்படி நிரூபிப்பது? இதற்கும் திருத்தத்தில் ஒரு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றம்சாட்டப்பட்டவருக்கு நேரடியாகத் தெரியும் என்று காட்டினால் போதும். சாதியும் அவருக்குத் தெரியும் என்று கோர்ட் அனுமானித்துக்கொள்ளும். 'எனக்குத் தெரியாது' என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழும்.

கிராமத்தில் இது சுலபம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இருக்கும் இடத்தில் ஒருவரின் தெருவே அவர் சாதியைச் சொல்லிவிடும்.

நெய்வேலி டவுன்ஷிப் மாதிரியான இடத்தில் கதை வேறு. பல மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருப்பார்கள். வேலையின் கிரேடைப் பொறுத்துத்தான் வீடு, சாதியைப் பொறுத்து இல்லை. அங்கே 'அவர் என்ன சாதின்னே எனக்குத் தெரியாது சார்' என்கிற வாதத்துக்கு இடமிருக்கிறது. அதை உடைக்க, இருவருக்கும் எத்தனை வருஷப் பழக்கம், வீட்டு விசேஷங்களுக்குப் போய்வந்தார்களா, முன்பு சாதியைக் குறிப்பிட்டுப் பேசிய வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கிறதா என்று தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

நகரத்துக்கு வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் பார்த்தால், நகரத்தில் சாதி நிரூபிக்கக் கடினமானதாக மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆபீஸ் அறைக்குள் திட்டினால் குற்றமா?

இளம் ஊழியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது, சாதியைச் சொல்லி அவமானப்படுத்துவது இரண்டும் குற்றம்தான். ஆனால் 'பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்' நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம்.

2025 ஜனவரி 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. திருச்சி மாவட்டம் லால்குடி பகுதியில் ஒரு வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலகத்திலேயே சாதி சொல்லித் திட்டியதாகக் குற்றச்சாட்டு. சம்பவம் நான்கு சுவர்களுக்குள் நடந்திருக்கிறது, சக ஊழியர்கள் அதன் பிறகுதான் வந்திருக்கிறார்கள், எனவே 'பொதுப் பார்வை' இல்லை என்று சொல்லி வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது.

ஒரு கற்பனை உதாரணம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை அவருடைய மேற்பார்வையாளர் சாதி சொல்லித் திட்டுகிறார். அதே வார்த்தையை கதவு சாத்திய கேபினுக்குள் சொன்னால், வேறு யாரும் கேட்கவில்லை என்றால், இந்தப் பிரிவு பொருந்துவது கடினம். ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நாலு பேர் காத்திருக்கும் இடத்திலோ, மெயின் பஜாரிலோ சொன்னால் பொருந்தும். தனியார் இடமாகவே இருந்தாலும், வெளியாட்கள் பார்க்கவோ கேட்கவோ முடிந்தால் அது பொதுப் பார்வைதான் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

வலி இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் புகாரில் 'எங்கே, யார் முன்னால்' என்கிற ஒரு வரி இல்லாமல் போனால், கேஸ் விசாரணைக்கு வருவதற்கு முன்பே ரத்தாகிவிடலாம்.

சாட்சி பல்டி அடித்தால்?

முருகேசன் வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ் சாட்சிகளாக மாறினார்கள். இது ஆச்சரியமில்லை. அதே ஊரில் வாழ வேண்டியவர்கள், பக்கத்து நிலத்துக்காரர் மீது 15, 18 வருஷம் கழித்துச் சாட்சி சொல்ல வேண்டும். வன்கொடுமை வழக்குகளில் தாமதம் ஏன் குற்றவாளிக்கு லாபம் என்றால் இதனால்தான்.

ஆனாலும் வழக்கு நின்றது. பல்டி அடித்த சாட்சி சொன்ன எல்லாவற்றையும் தூக்கி எறியத் தேவையில்லை, நம்பத்தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தியச் சட்டத்தின் நிலைப்பாடு. அதேபோல, உறவினர் என்பதற்காகவே ஒருவரின் சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. கொலையை நேரில் பார்த்தவர்கள் உறவினர்கள்தான் என்றால், அவர்கள்தான் இயல்பான சாட்சிகள். முருகேசன் குடும்பத்தாரின் சாட்சியம் உச்ச நீதிமன்றம் வரை நிலைத்து நின்றது.

கோகுல்ராஜ் வழக்கில் இன்னொரு வழி தெரிந்தது. ஓமலூரைச் சேர்ந்த தலித் இன்ஜினீயரிங் பட்டதாரி அவர். 2015 ஜூன் 23-ம் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போனார். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். முக்கிய சாட்சியான தோழி கோர்ட்டில் பிறழ் சாட்சியானார். உயர் நீதிமன்றத்தில் சிசிடிவி பதிவைக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தான் இல்லை என்றார். அவர் மீது நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை தொடங்கப்பட்டது.

ஆனால் கோயில் கேமரா பல்டி அடிக்காதே! 2022 மார்ச் 8-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் சாதி அமைப்பு ஒன்றின் தலைவர் யுவராஜ் உட்பட 10 பேருக்குத் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சம்பவம் 2015-ல் நடந்ததால், இந்த வழக்கு அந்தப் பழைய 'காரணமாக' என்கிற கடினமான தேர்வையே எழுத வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடுதலை ஆனால், பொய் கேஸ்னு அர்த்தமா?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் பட்டியல் சாதியினருக்கு எதிராக நாடு முழுக்கப் பதிவான குற்றங்கள் 57,582. இந்தச் சட்ட வழக்குகளில் தண்டனை விகிதம் 2020-ல் 39.2 சதவீதம், 2022-ல் 32.4 சதவீதம் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. முடிவுக்கு வரும் வழக்குகளில் மூன்றில் இரண்டு தோற்கிறது.

இந்த எண்ணைக் காட்டி 'எல்லாம் பொய் கேஸ்' என்று சொல்பவர்கள் உண்டு. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தவறான பயன்பாட்டைக் காரணம்காட்டி, கைதுக்கும் எஃப்ஐஆருக்கும் புதுக் கட்டுப்பாடுகள் விதித்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அதை மாற்றியது. எஃப்ஐஆர் போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைதுக்கு முன்அனுமதியும் தேவையில்லை என்று சொல்லும் பிரிவு அது. 2020-ல் அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

பொய்ப் புகார் என்பது எந்தச் சட்டத்திலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் 'நிரூபிக்கப்படவில்லை' என்பதும் 'நடக்கவில்லை' என்பதும் ஒன்றில்லை. சாதிச் சான்றிதழ் இணைக்காதது, டிஎஸ்பி விசாரிக்காதது, சம்பவ இடத்தைச் சரியாக எழுதாதது, சாட்சி பயந்தது என்று எதனால் தோற்றாலும் புள்ளிவிவரத்தில் எல்லாமே 'விடுதலை' என்ற ஒரே கட்டத்தில்தான் விழுகிறது. முருகேசன் வழக்கு சிபிஐ-க்குப் போகாமல் அந்த முதல் எஃப்ஐஆரோடு நின்றிருந்தால், வன்கொடுமை வழக்குகளின் கணக்கிலேயே அது வந்திருக்காது.

முதல் சில நாட்களில் என்ன செய்யணும்?

* புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். என்ன வார்த்தை சொன்னார்கள், எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 'சாதி சொல்லித் திட்டினார்' என்று பொதுவாக எழுதினால் போதாது.

* எஃப்ஐஆர் நகல் இலவசம். வாங்கியதும் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறதா, வன்கொடுமைச் சட்டப் பிரிவுகள் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

* ஸ்டேஷனில் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் எஸ்பி-க்கு எழுத்தில் அனுப்பலாம். அதுவும் நடக்கவில்லை என்றால் கோர்ட்டை நாடலாம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு 6 மாதம் முதல் 1 வருஷம் வரை தண்டனை என்கிறது இதே சட்டத்தின் 4-வது பிரிவு.

* சிசிடிவி பதிவுகள் பல இடங்களில் சில நாட்களிலேயே அழிந்துவிடும். அவற்றைக் கைப்பற்றச் சொல்லி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். செல்போன் வீடியோ, மெசேஜ் போன்றவற்றை கோர்ட்டில் காட்ட சட்டப்படியான சான்றிதழும் வேண்டும். அது இல்லாமல் வீடியோ இருந்தும் பலனில்லாமல் போகலாம்.

* வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், ஜாமீன் விசாரணையில் தன் தரப்பைச் சொல்லவும், பாதுகாப்பு கேட்கவும் 15ஏ பிரிவு உரிமை தருகிறது.

அடுத்து என்ன?

2025 ஜூலையில் நெல்லையில் ஐடி ஊழியர் கவின் கொலை செய்யப்பட்ட பிறகு, ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் மீண்டும் எழுந்தது. அந்தச் சட்டத்துக்குப் பரிந்துரை தர, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

புதுச் சட்டம் வந்தாலும் அதற்கும் ஒரு எஃப்ஐஆர் வேண்டும். அதை எழுதப்போவதும் ஒரு போலீஸ் ஸ்டேஷன்தான். குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று இப்போதுள்ள சட்டமே சொல்கிறது. அது நடக்கிறதா, முதல் எஃப்ஐஆரைத் திரித்து எழுதுபவர் மீது அடுத்த வருஷமே நடவடிக்கை வருகிறதா, இல்லை 2003-ல் எழுதிய பொய்க்கு 2021-ல் தண்டனை என்பது மாதிரி 18 வருஷம் ஆகிறதா என்பதைப் பொறுத்துத்தான் புதுச் சட்டத்துக்கும் மதிப்பு இருக்கும்.